வலையிறவுப் பாலத்தில் எறிதல்

முதல் எறிதலில் ஈயம்
எனக்குப் பின்னால் நின்ற மோட்டார்சைக்கிளின்
கண்ணாடியை உடைத்தது.
இரண்டாவதில் தங்கூசி
றீலுக்குள்ளேயே குருவிக்கூடு கட்டிற்று.
மூன்றாவதை நான் எறியவில்லை.
சிக்கைப் பல்லால் கடித்து இழுத்தபடி
பாலத்துக் கட்டில் குந்தியிருந்தேன்.

வரைபடத்தில் இது வாவி,
எங்களுக்கு ஆறு.
கண்ணாடிக்கு ஆயிரத்து எண்ணூறு கொடுத்தேன்.
ஆற்றுக்கு என்னால் அன்று
ஒரு செலவுமில்லை.

கட்டாரிலிருந்து வந்த நவ்பீர் விற்ற தடி.
பத்தடி, இரண்டு துண்டு, பச்சை நிறப் பிடி.
எறியத் தெரியுமா என்று அவன் கேட்கவில்லை,
தெரியாது என்று நானும் சொல்லவில்லை.
வியாபாரம் அப்படித்தான் முடிந்தது.

அதன்பிறகு, டயர்க்கடையைச் சாத்திவிட்டு,
ஏறாவூர்ச் சந்தை வளவின் இருட்டில்
முள்ளைக் கழற்றிய இடத்தில்
லொறிச் சில்லு நட்டு ஒன்றைக் கட்டி
எறிந்தேன், எறிந்தேன்.
இலக்கு, றிஸ்மியாவின் பழைய அலுமினியச் சட்டி,
நாற்பதடியில், கவிழ்த்துவைத்தது.
பட்டால் டங் என்னும்.
பதினொரு இரவு அது வாயே திறக்கவில்லை.
"சட்டிக்குள்ள மீனில்ல காக்கா"
என்றான் சந்தைக் காவலாளி,
பீடியைப் பற்றவைத்துக்கொண்டு.

எறியும்போது நான்
சாக்குமூட்டை ஏற்றுகிறவனாக இருந்தேன்.
முழுத் தோளையும் கொடுத்தேன்.
விரல் முந்தி விட்டால் நட்டு வானத்துக்குப் போகும்,
பிந்தி விட்டால் கால்மாட்டில் குத்தும்.
நடுவில் இருப்பது
ஒரு நெல்லின் உமியளவு நேரம்.

பாலத்தில் நவரூபி எறிவாள்.
இடக்கைக்காரி.
காலையில் பள்ளிக்கூட வானில் பிள்ளைகளை இறக்கிவிட்டு
மத்தியானம் ஏற்றப்போகும் வரைக்கும்
ஆறு அவளுடையது.
தடியைப் பின்னே கொண்டுபோய்
கொஞ்சம் நிற்பாள்.
நுனி வளைந்து
ஈயத்தின் கனத்தை வாங்கும் மட்டும் நிற்பாள்.
பிறகு அடிப்பிடியை வலக்கை நெஞ்சுக்கு இழுக்கும்,
மேலே இடக்கை தள்ளும்.
மிச்சத்தைத் தடியே பார்த்துக்கொள்ளும்.

கேட்க வெட்கம்.
மூன்று கிழமை பக்கவாட்டில் பார்த்தேன்.
"கண்ணாடி உடைச்ச ஆள்தானே நீங்க?
அது என்ட தம்பிட சைக்கிள்" என்றாள் ஒருநாள்,
திரும்பாமலே.

அன்றிரவு நானும் பின்னே கொண்டுபோய் நின்றேன்.
தடி கனத்தை வாங்குவது
முதல்முறையாக உள்ளங்கைக்குத் தெரிந்தது.
டங்.
ஒரு நாய் குரைத்தது.
எங்கோ ஒரு யன்னல் திறந்து மூடியது.
காவலாளி பீடியை எடுத்துவிட்டு
"இன்னொருக்கா" என்றான்.

ஆடிமாதம். கச்சான் மூஞ்சியில் அடித்தது.
காற்றுக்கு எதிரே உயர எறிந்தால்
நூல் வயிறு தள்ளும் என்று படித்திருந்தேன்,
பல ஈயங்களை ஆற்றுக்குக் கொடுத்து.
தாழ எறிந்தேன்.
அறுபது யார்.
தோணியில் போனவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.
எறால் சத்தமில்லாமல் இறங்கியது.
நுனி அசையாமல்
ஒரு மணித்தியாலம் போனது.

நவரூபி நேரத்தைப் பார்த்தாள்.
கம்பியில் சாய்ந்து
நேர்கீழே, தூணின் நிழலுக்குள்
நூலைத் தொங்கவிட்டாள்.
எறியவே இல்லை.
தடி வில்லானது.
மூன்று கிலோக் கொடுவா,
பாலத்தில் விழுந்து, வாலால் என் செருப்பை அடித்தது.

"வெயிலுக்கு அது தூணடியிலதான் கிடக்கும்"
என்றாள், மீனை வானின் கடைசி இருக்கைக்குக் கீழே
ஈரச்சாக்கில் சுற்றிவைத்தபடி.
பள்ளி விடும் மணி. போய்விட்டாள்.

என் காலிலிருந்து நாலு பாகத்தில்
அந்த நிழல் கறுப்பாகக் கிடந்தது.
அறுபது யார் நூலையும் சுற்றியெடுத்து
புது எறால் குத்தினேன்.
பின்னே கொண்டுபோய் நின்றேன்.
திரும்பவும் தூரத்துக்கே எறிந்தேன்.

நூல் றீலைவிட்டுப் போகும்போது வரும்
அந்த ஸ் என்ற சத்தத்துக்கு
வீட்டில் என்ன கணக்குச் சொல்வது?

பாலத்தில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து
தூணடியிலும் ஒருதரம் இறக்கினேன்.